களிமண் தட்டுச் சுடுதல்: திடுக்கிடும் உடம்பும் தடுமாறும் கண்ணும்

நாற்பத்து மூன்றாவது வயதில்தான் நான் ஒரு துவக்கை விளையாட்டுக்காகக் கையில் எடுத்தேன். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பேர்னிலிருந்து வடக்கே இரண்டு மணிநேரம் காரில் போனால் வரும் ஒரு சிறிய ஊரின் சுடுகழகம் அது. கோதுமை வயலோரமாக ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் வரிசையாக ஐந்து நிலைகள். அவற்றுக்கு எதிரே, நிலத்தோடு நிலமாக மூடப்பட்ட ஒரு குழி. தட்டுகளை எறியும் இயந்திரங்கள் அந்தக் குழிக்குள் இருக்கின்றன. அதை அங்கே 'பங்கர்' என்றும் சொல்கிறார்கள். 2009 மே மாதம் வரை வன்னியில் இருந்த ஒருவனுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் அழைத்ததால் போனேன். முதல் நாள் ஒரு விடயத்தை நானே கவனிக்கவில்லை. கழகத்தில் புதியவர்களுக்குப் பழக்கும் எழுபது வயது தாண்டிய விவசாயி ஒருவர்தான் அதைக் கவனித்தார். மற்றவர்கள் சுட்ட ஒவ்வொரு வெடிக்கும் என் தோள்கள் காதுவரை உயர்ந்தன. நானே சுட்டபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. "உன்னுடைய வெடி உன்னைப் பயமுறுத்தவில்லை, அடுத்தவனுடைய வெடிதான் பயமுறுத்துகிறது" என்றார் அவர். அன்று அதை ஒரு சாதாரண பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். இந்த விளையாட்டில் நான் கற்றவற்றுள் பாதி அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

இதை வாசிக்கும் பலருக்குத் துவக்கு என்ற சொல்லே போதும், பக்கத்தை மூடிவிட. அது நியாயமானது. யாரையும் துவக்குத் தூக்கச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் நம் பிள்ளைகள் சிலர் இந்த விளையாட்டுக்குள் வந்திருக்கிறார்கள். என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் மேலாக, ஓடும் இலக்கைப் பார்க்கும் கண்ணையும் திடுக்கிடும் உடம்பையும் பழக்குவது பற்றி இந்த விளையாட்டு சேர்த்து வைத்திருக்கும் அறிவு, சுடாதவர்களுக்கும் உதவக்கூடியது.

விளையாட்டு எப்படி நடக்கிறது?

பெயர் களிமண் தட்டு என்றாலும் அதில் களிமண் இல்லை. அரைத்த சுண்ணாம்புக் கல்லையும் கீலையும் கலந்து வார்த்தது. விட்டம் 110 மில்லிமீற்றர், எடை ஏறத்தாழ 105 கிராம். உள்ளங்கைக்குள் அடங்கும். 19ஆம் நூற்றாண்டில் இவ்வகைப் போட்டிகளில் உயிருள்ள புறாக்களைத்தான் பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1900ஆம் ஆண்டு பரிஸ் ஒலிம்பிக்கின்போதுகூட அப்படியொரு போட்டி நடந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி 1880இல் காப்புரிமை பெற்ற தட்டுத்தான் மெல்ல மெல்லப் புறாவின் இடத்தைப் பிடித்தது. இன்றும் ஆங்கிலத்தில் அதைக் களிமண் புறா என்றே சொல்கிறார்கள்.

ஒலிம்பிக்கில் இப்போது இரண்டு வகைகள் உள்ளன. ஒன்று ட்ராப். இதில் சுடுபவர் குழிக்கு 15 மீற்றர் பின்னால் நிற்பார். குழிக்குள் 15 இயந்திரங்கள், ஒவ்வொரு நிலைக்கும் எதிரே மூன்று. எது எறியும் என்று அவருக்குத் தெரியாது. அவர் குரல் கொடுத்ததும் ஒலிவாங்கி அதைப் பிடித்து இயந்திரத்தை இயக்கும். தட்டு மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் அவரிடமிருந்து விலகிப் பறக்கும். இடத்துக்கோ வலத்துக்கோ 45 பாகை வரை சாயலாம். மற்றையது ஸ்கீட். இதில் இரு பக்கமும் இரண்டு கூண்டுகள். தட்டுகள் குறுக்காகப் பறக்கும். பாதை தெரிந்ததுதான், ஆனால் குரல் கொடுத்தபின் தட்டு உடனே வரலாம், மூன்று செக்கன் வரை தாமதிக்கவும் செய்யலாம். அதுவரை துவக்கை இடுப்பருகே தாழ்த்திப் பிடித்திருக்க வேண்டும். ஒரு சுற்று என்பது இரண்டிலும் 25 தட்டுகள்.

இந்த விளையாட்டில் நம்மவர் யாரும் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆண்கள் ட்ராப் போட்டியில் நின்றவர் புதுக்கோட்டை தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான்.

துவக்கைப் பார்க்காதே

றைபிள் போல இதில் குறிபார்த்து நிதானமாக விசையை அழுத்த முடியாது. சொட்கன் தோட்டாவுக்குள் 24 கிராம் ஈயச் சன்னங்கள், ஏறக்குறைய 300 மணிகள் இருக்கும். அவை ஒரு சிறு மேகம் போலப் பரவிப் போகும். ஆகவே ஊசிமுனைத் துல்லியம் தேவையில்லை. தேவைப்படுவது சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு அந்த மேகத்தை அனுப்புவது.

சன்னம் போய்ச் சேர நேரம் எடுக்கும். ஸ்கீட்டில் நடுநிலையில் நிற்பவருக்குத் தட்டு 20 மீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் குறுக்கே போகும். அந்தத் தூரத்தைச் சன்னம் கடப்பதற்குள் தட்டு ஒரு மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே தட்டுக்குச் சுட்டால் தட்டு இருந்த இடத்துக்குத்தான் சன்னம் போகும். முன்னுக்குச் சுட வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. தட்டின் பின்னாலிருந்து வந்து, அதைக் கடந்துபோகும் கணத்தில் சுடுவது ஒன்று. தட்டோடு சேர்ந்து சிறிது ஓடி, பிறகு அதை விட்டு முன்னே பிரியும்போது சுடுவது இன்னொன்று. தொடக்கத்திலிருந்தே தட்டுக்கு முன்னால் ஓர் இடைவெளியைக் காத்துக்கொண்டு போய்ச் சுடுவது மூன்றாவது. எதுவும் மற்றதைவிட உயர்ந்ததல்ல. மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: சுட்ட பிறகும் துவக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் பின்னாலேயே தவறவிடுவதற்குக் காரணம் கணக்குத் தெரியாதது அல்ல. கடைசிக் கணத்தில் இடைவெளி சரிதானா என்று கண் தட்டை விட்டுக் குழாயின் நுனிக்கு ஓடுகிறது. கண் ஓடியதும் கை நிற்கிறது. கை நின்றதும் தட்டு போய்விடுகிறது. என் பயிற்றுநர் முதல் மூன்று மாதங்களில் எனக்குச் சொன்னவற்றுள் பத்தில் ஒன்பது ஒரே வசனம்: "தட்டைப் பார், துவக்கைப் பார்க்காதே." உயரப் போன பந்தைப் பிடிக்க ஓடும் பொடியன் தன் கைகளைப் பார்ப்பதில்லை. பார்த்தால் பந்து நழுவும். அதே காரியம்தான் இது.

இதற்கு ஆய்வின் துணையும் இருக்கிறது. கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், செயலுக்கு முன்னர் கண் இலக்கில் அசையாது நிலைத்திருக்கும் அந்தக் கணத்துக்கு 'அமைதிக் கண்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். சொட்கன் வீரர்களிடம் 2010இல் வெளிவந்த ஆய்வொன்றில், முதல்தர வீரர்களின் கண்கள் தட்டைச் சீக்கிரம் பிடித்து நீண்ட நேரம் அதில் நிலைத்திருப்பதும், அவர்களுடைய துவக்கின் அசைவு மற்றவர்களைவிட நிதானமாக இருப்பதும் தெரியவந்தது. வேகமாகச் சுடுகிறார்கள் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அவர்கள் சீக்கிரம் பார்க்கிறார்கள், அதனால் அவசரப்படாமல் சுடுகிறார்கள்.

கண்ணைப் பற்றி இன்னொன்று. நம் இரு கண்களில் ஒன்றுதான் மேலாதிக்கக் கண். இரண்டு கைகளையும் நீட்டி, பெருவிரல்களுக்கிடையே சிறு ஓட்டை விட்டு, தூரத்திலுள்ள ஒரு பொருளை அதனூடாக இரு கண்ணாலும் பாருங்கள். பார்த்தபடியே கைகளை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓட்டை எந்தக் கண்ணிடம் வருகிறதோ அதுதான் உங்கள் மேலாதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் மேலோங்கியிருந்தால், எவ்வளவு பழகினாலும் வெடி பக்கத்தால் போகும். பாதுகாப்புக் கண்ணாடியின் இடப்பக்கத்தில், குழாய் தெரியும் இடத்தை மறைக்குமாறு மங்கலான ஒட்டுத்தாள் துண்டொன்று ஒட்டினால் போதும். சிலர் மற்றத் தோளுக்கே மாறிப் பழகுவார்கள். மாதக்கணக்கில் தன்னைத்தானே திட்டிக்கொண்ட ஒருவர், இந்தப் பரிசோதனை செய்த பிறகு ஒரே வாரத்தில் முன்னேறியதைப் பார்த்திருக்கிறேன்.

காசில்லாத பயிற்சி

தோட்டாவும் தட்டும் காசு. ஆனால் மிக முக்கியமான பயிற்சிக்கு இரண்டும் வேண்டாம். துவக்கைக் கன்னத்துக்கும் தோளுக்கும் கொண்டுவரும் அசைவு எல்லா முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கட்டை கன்னத்துக்கு வரவேண்டும், தலை கட்டையைத் தேடிக் குனியக்கூடாது. தலை ஒரு விரலளவு தூக்கினாலும் வெடி மேலால் போகும்.

இதை வீட்டில் செய்யலாம். இரண்டு குழாயும் வெறுமையா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று, கண்ணை மூடித் துவக்கை ஏற்றி, திறந்து பார்த்தால் கண் குழாயின் நேர்கோட்டில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். குழாய்க்குள் பொருந்தும் சிறிய டோர்ச் லைட்டை வைத்து, சுவரும் கூரையும் சந்திக்கும் கோட்டில் அந்த வெளிச்சம் விலகாமல் ஓடுமாறு துவக்கை நகர்த்துவது இன்னொன்று. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

நிற்கும் விதத்தில் இரண்டே விடயங்கள். உடம்பின் பாரம் முன்காலில் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். பாதங்கள் தட்டு புறப்படும் இடத்தை நோக்கியல்ல, தட்டை உடைக்க நினைக்கும் இடத்தை நோக்கி நிற்க வேண்டும். தொடங்கும் இடத்துக்கு உடம்பை முறுக்கிக்கொண்டு போனால், முடியும் இடத்தில் அந்த முறுக்கு அவிழ்ந்து உடம்பு இலகுவாக இருக்கும். பலர் இதை மறுதலையாகச் செய்து, தட்டை எட்டும் நேரத்தில் இடுப்பு இறுகி நின்றுவிடுகிறார்கள்.

இரண்டு விதமான திடுக்கிடல்

நான்காவது மாதம் எனக்கொரு நோய் வந்தது. தட்டு வந்தது, துவக்கு ஓடியது, விசையை அழுத்த வேண்டிய கணத்தில் விரல் அசையவில்லை. அதற்குப் பதிலாக முழு உடம்பும் முன்னால் வெட்டி இழுத்தது. வெடி போகவே இல்லை. ஒரு சுற்றில் மூன்று தடவை இப்படி நடந்தது. நான் துவக்கைத் திறந்து வைத்துவிட்டு, காருக்குள் போய் இருந்தேன். எனக்கு இது சரிவராது, அங்கே நடந்தது என்னை இங்கேயும் விடாது என்று நினைத்தேன்.

பயிற்றுநர் வந்து கார்க்கதவில் சாய்ந்து நின்றார். நான் சொன்னதைக் கேட்டார். பிறகு, இந்தக் கழகத்தில் இதே நோய் வந்த பத்துப் பேரை அவருக்குத் தெரியும் என்றும், அவர்களில் ஒருவர்கூட யுத்தத்தைக் கண்ணால் கண்டவரல்ல என்றும் சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. இந்த விளையாட்டில் எல்லா நாட்டிலும் இருக்கும் பழைய நோய் இது. சொட்கனின் வெடி காதருகே 140 டெசிபெலுக்கும் மேலானது. ஒவ்வொரு வெடியும் தோளையும் கன்னத்தையும் குத்துகிறது. நூறு தடவை குத்து வாங்கிய உடம்பு நூற்றோராவது குத்துக்கு முன்கூட்டியே தயாராகிறது. விரலை அழுத்தினால் வலிக்கும் என்று கற்றுக்கொண்டு, விரலைத் தடுக்கிறது. இது கோழைத்தனமல்ல. உடம்பு தன் வேலையைச் செய்கிறது.

மருந்தும் சாதாரணமானது. காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி என இரண்டும் போட வேண்டும். 28 கிராம் தோட்டாவை விட்டு 24 கிராமுக்கு இறங்க வேண்டும். கட்டையின் நீளம் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்க்க வேண்டும். என் துவக்கின் கட்டை எனக்கு நீளம். ஒவ்வொரு வெடிக்கும் அது தோளில் வழுக்கிப் புயத்தை இடித்துக்கொண்டிருந்தது. இவற்றோடு ஒரு பரிசோதனையும் உண்டு. பயிற்றுநர் என் கையில் தராமல் தானே துவக்கில் தோட்டாவைப் போடுவார். சில வேளை உண்மைத் தோட்டா, சில வேளை மருந்தில்லாத போலித் தோட்டா. எது என்று எனக்குத் தெரியாது. போலித் தோட்டாவில் விசையை அழுத்தும்போது குழாய் நுனி துள்ளினால் நோய் இருக்கிறது. துள்ளாமல் ஓடிக்கொண்டே போனால் நோய் குறைகிறது. ஆறு வாரத்தில் அது பெருமளவு குறைந்தது.

ஆனால் முதல் நாள் அவர் கவனித்தது இதுவல்ல. அது வேறு. என் முறைக்காக நான் காத்து நிற்கும்போது, பக்கத்து ஆடுதளத்தில் யாரோ சுட்டால் என் தோள் இன்னமும் உயர்ந்தது. அந்தத் திடுக்கிடலுக்கு 24 கிராம் தோட்டாவால் மருந்து செய்ய முடியாது.

இங்கேதான் எனக்கொரு தெளிவு வந்தது. நம்மில் பலர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறோம். உடம்பில் வரும் எல்லாக் கோளாறையும் யுத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டு, இனி மாறாது என்று விட்டுவிடுகிறோம். அல்லது யுத்தத்தின் பங்கு எதுவுமே இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறோம். எனக்கு இரண்டு திடுக்கிடல்கள் இருந்தன. ஒன்று பொருந்தாத கட்டையால் வந்தது. மற்றையது 2009இலிருந்து வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் இரண்டுக்கும் வழி கிடைத்தது.

எதிர்பாராத பெருஞ்சத்தத்துக்கு இமை துடிப்பதும் தோள் உயர்வதும் மனதின் அனுமதி கேட்டு நடப்பதல்ல. செக்கனின் சிறு பகுதிக்குள் அது முடிந்துவிடும். அதை உறுதியால் அடக்க முயல்வது வீண். ஆனால் தானே எழுப்பும் சத்தத்துக்கு உடம்பு குறைவாகவே திடுக்கிடும். தட்டுச் சுடுபவர் தானே குரல் கொடுக்கிறார், தானே விசையை அழுத்துகிறார். சத்தம் எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பவர் அவர். அங்கே நாங்கள் கேட்ட சத்தங்களுக்கெல்லாம் தீர்மானித்தவர் வேறொருவர். எங்கே விழும், எப்போது விழும் என்று எங்களுக்குத் தெரியாது. என் உடம்பு சரியாகவே கணக்குப் பார்த்திருந்தது: என்னுடைய வெடி ஆபத்தில்லை, அடுத்தவனுடையது ஆபத்து.

ஆகவே அடுத்தவனுடைய வெடியையும் எதிர்பார்க்கக்கூடியதாக ஆக்க வேண்டும். பயிற்றுநரும் நானும் சேர்ந்து ஒரு முறையைக் கண்டுபிடித்தோம். துவக்கில்லாமல், காதை மூடிக்கொண்டு, முதலில் வாகனத் தரிப்பிடத்தில் நின்று சுடுபவர்களைப் பார்த்தேன். குரல், தட்டு, வெடி. இந்த ஒழுங்கு மாறுவதில்லை. ஒவ்வொரு குரலுக்கும் மெல்ல மூச்சை வெளியே விட்டேன். மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கும்போது வெடி வரும். சில வாரம் கழித்துக் கொட்டகைக்கு. பிறகு நிலைகளுக்குப் பின்னால். அவர் பெரும்பாலும் பக்கத்தில் நின்றார். கதைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளமருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, செபம் போன்ற நம் சமூகத்துக்கு ஏற்கெனவே பழக்கமான தளர்வு முறைகளை மனவடுப்பட்டோருக்குப் பயன்படுத்துவது பற்றி எழுதியிருக்கிறார். அதை நான் வயலோரத்தில் ஒரு வெள்ளைக்கார விவசாயியிடம் மறுபடி கற்றுக்கொண்டேன்.

இருபத்தைந்தாவது தட்டு

கண்ணும் உடம்பும் ஓரளவு பழகிய பிறகு மிஞ்சுவது எண்ணிக்கை. ஒரு சனிக்கிழமை 24 தட்டுகளைத் தொடர்ந்து உடைத்தேன். நிலையில் நின்று, 'இது உடைந்தால் 25' என்று நினைத்தேன். தட்டு வந்தது, போனது. நான் அதைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது புள்ளி அட்டையை.

மனம் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பற்றும். எண்ணிக்கையைப் பற்றினால் தட்டை விடும். போன தட்டைத் தவறவிட்ட கவலையும் அதே மாதிரித்தான். உச்சத்தில் இருப்பவர்களும் தவறவிடுகிறார்கள். ஸ்லோவாக்கியாவின் சுசானா ஸ்டெஃபெசெகோவா டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் 125 தட்டுகளில் 125ஐயும் உடைத்தார். ஒரு தட்டுக்கு ஒரே வெடி என்ற விதியுள்ள இறுதிப் போட்டியில் அதே வீராங்கனை 50இல் 43ஐ உடைத்துத் தங்கம் வென்றார். ஏழைத் தவறவிட்டும் தங்கம். 2016 ரியோவில், விக்டோரியாவின் மான்ஸ்ஃபீல்ட் பகுதியில் வளர்ந்த கெத்தரின் ஸ்கின்னர் நியூசிலாந்தின் நட்டலி ரூனியை 12க்கு 11 என்று வென்றபோது, சுட்ட 15 தட்டுகளில் மூன்று அவருக்கும் தவறின. 2024 பரிஸில் பிரித்தானியாவின் நேதன் ஹேல்ஸ் 50இல் 48ஐ உடைத்தது ஒலிம்பிக் சாதனை. அங்கேயும் இரண்டு தவறின. தவறாமல் சுடுவதல்ல இவர்களின் திறமை. தவறிய தட்டை அடுத்த நிலைக்குக் காவிக்கொண்டு போகாததே திறமை.

அதை எப்படிப் பழகுவது? ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே ஒழுங்கைச் செய்வதன் மூலம். என்னுடையது இது. சுட்டதும் துவக்கைத் திறந்து, வெற்றுத் தோட்டாவை எடுத்து, ஒரு மூச்சை முழுதாக வெளியே விடுவேன். அத்துடன் அந்தத் தட்டு முடிந்தது. அடுத்த நிலைக்கு நடந்து, மற்றவர்களின் தட்டுகளைத் துரத்தாமல் கண்ணைத் தரையில் ஓய்வாக வைத்திருப்பேன். என் முறை வந்ததும் தோட்டா, பாதம், கன்னம். துவக்கின் நுனியை வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, கண்ணை அதற்கு அப்பால், தட்டு முதலில் தெரியும் வெளியில் விடுவேன். மூச்சு பாதி வெளியே போனதும் குரல். இயந்திரத்துக்கு மொழி இல்லை, சத்தம் போதும். நான் 'வா' என்பேன்.

பயிற்றுநர் இன்னொன்றும் செய்தார். இரண்டு மாதத்துக்கு என் புள்ளி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். பதிலாக ஒரு கொப்பி தந்தார். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் எத்தனை உடைந்தது என்று எழுதக்கூடாது. எந்தத் தட்டைத் தெளிவாகப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று மட்டும் குறிக்க வேண்டும். பார்த்ததற்குச் சரி அடையாளம், பார்க்காததற்குப் புள்ளடி. உடைப்பது என் கையில் முழுதாக இல்லை. காற்று இருக்கிறது, வெயில் இருக்கிறது. பார்ப்பது என் கையில் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துக் கழகத்தின் பதிவோடு கொப்பியை ஒப்பிட்டோம். தவறிய தட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு நேரே புள்ளடி இருந்தது.

வடக்கிலும் கிழக்கிலும் பாடசாலை அணிகளைப் பழக்குபவர்கள் இந்தக் கொப்பி முறையை வலைப்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் முயன்று பார்க்கலாம். ஒரு பிள்ளையிடம் எத்தனை கோல் என்று கேட்பதற்கு முன், எறியும்போது வளையத்தைப் பார்த்தாயா என்று கேட்டுப் பாருங்கள்.

யாருக்கு, எங்கே, எப்போது வேண்டாம்

தொடங்க நினைப்பவர்கள் முதலில் துவக்கு வாங்க வேண்டியதில்லை. அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் பல கழகங்கள் புதியவர்களுக்கு மேற்பார்வையுடன் தங்கள் துவக்கிலேயே பழக்குகின்றன. சொந்தத் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவுஸ்திரேலியச் சட்டம் மிகவும் இறுகியது. தகுந்த காரணம் காட்ட வேண்டும். தற்பாதுகாப்பு என்பது அங்கே காரணமாக ஏற்கப்படுவதில்லை. கழக அங்கத்துவமும் போட்டிகளில் பங்குபற்றுவதும் காரணமாகும்.

கழகத்துக்குள் ஒரு விதி எல்லாவற்றுக்கும் மேலானது. நிலையில் நின்று சுடும் நேரம் தவிர, துவக்கு எப்போதும் நடுவில் மடித்துத் திறந்து, இரண்டு குழாயும் வெறுமை என்று எவருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். திறந்த துவக்கோடு மனிதர்கள் தேநீர் குடிப்பதையும் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கதைப்பதையும் முதன்முறை பார்த்தபோது எனக்கு நம்ப முடியவில்லை.

அங்கவீனம் உள்ளவர்களுக்கும் இதில் இடமுண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான பரா ட்ராப் போட்டியில் மூன்று பிரிவுகள் உள்ளன. இருந்தபடி சுடுபவர்கள், கால் பாதிப்புடன் நின்று சுடுபவர்கள், கை பாதிப்புடன் நின்று சுடுபவர்கள். இதன் முதலாவது உலக சம்பியன்ஷிப் 2018இல் இத்தாலியின் லொனாட்டோவில் நடந்தது. பராலிம்பிக்கில் இது இன்னும் சேர்க்கப்படவில்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். செல் வெடித்துக் காது ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களும், தோளிலோ மார்பிலோ சிதறல் துண்டுகள் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. மருந்து மணமோ சத்தமோ உங்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய், இருக்கும் இடத்தை மறக்கச் செய்தால், அன்றிரவு தூக்கம் போனால், அது தைரியக் குறைவல்ல. அங்கேயே நிறுத்திவிடுங்கள். இது சிகிச்சை அல்ல, விளையாட்டு. உளவளத்துணையாளர் செய்ய வேண்டிய வேலையைச் சுடுகழகத்திடம் எதிர்பார்க்க முடியாது. எனக்கு இது சரிவந்தது என்பதால் இன்னொருவருக்கும் சரிவரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. டிசம்பர் 31ஆம் திகதி இரவு வாணவேடிக்கை தொடங்கும்போது இன்னமும் வீட்டுக்குள் போய்விடுகிறேன். அதற்குக் குரல் கொடுப்பவர் யாரென்று தெரியாது, ஒழுங்கும் இல்லை. கழகத்தில் தோள் அநேகமாக உயர்வதில்லை.

கடந்த மாதப் போட்டியில் ஒரு சுற்றில் 25க்கு 23. தவறிய இரண்டில் ஒன்றுக்கு நேரே கொப்பியில் புள்ளடி இருக்கிறது. அன்று பக்கத்து ஆடுதளத்தில் யாரோ சிரித்த சத்தத்துக்குக் கண் திரும்பியது. மற்றையதற்குச் சரி அடையாளம். அதைத் தெளிவாகப் பார்த்தேன், நன்றாகவே சுட்டேன், உடையவில்லை. அப்படியும் நடக்கும். துவக்கைத் திறந்து, மூச்சை விட்டு, அடுத்த நிலைக்கு நடந்தேன்.